விறகு பாய்லருக்குப் பழைய சோலார் டேங்க்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளின் புறக்கடையில் நிற்கும் விறகு பாய்லர் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். நடுவில் புகைக்குழாய், அதைச் சுற்றி 30 முதல் 50 லிட்டர் தண்ணீர், அடியில் அடுப்பு. முதல் ஆள் குளிக்கப் போகும்போது தண்ணீரில் கை வைக்க முடியாது. நாலாவது ஆள் போகும்போது குளிர் விட்டிருக்கும், அவ்வளவுதான். இடையில் யாராவது எழுந்து போய் விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பாய்லரில் குறை ஒன்றும் இல்லை. அடுப்பு கொடுக்கிற சூட்டைப் பிடித்து வைக்கத்தான் இடம் இல்லை.

அந்த இடத்துக்கு மலிவில் பொருந்துகிற சாமான், கழற்றிப் போட்ட சோலார் வாட்டர் ஹீட்டரின் டேங்க். மலையில் உறைபனி அடித்து, வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கலெக்டர் தட்டின் செம்புக் குழாய் வெடித்திருக்கும். சமவெளியில் உப்புத் தண்ணீர் ஓடி அதே குழாய் அடைத்திருக்கும். டேங்க் நன்றாக இருந்தாலும் மொத்தமாகக் கழற்றிப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிளேட் டைப் (தட்டையான கலெக்டர் உள்ள) சோலாரின் எவர்சில்வர் டேங்க் ஒழுகாமல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். டியூப் டைப் (கண்ணாடிக் குழாய்கள் செருகிய) டேங்கை இனாமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். 200 லிட்டர் நீல பேரல் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. அதன் எல்லையை மீறாதவரை உழைக்கும். மொட்டை மாடியில் வைக்கிற சாதாரண பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

எத்தனை லிட்டர் வேண்டும்

டேங்க் பெரியதாக இருந்தால் நல்லது என்று நினைத்து 300 லிட்டர் வாங்குகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஒருவர் குளிக்க இரண்டு வாளி, சுமார் 36 லிட்டர், 40 டிகிரியில் தேவை. குழாய்த் தண்ணீர் 14 டிகிரி, டேங்க் தண்ணீர் 60 டிகிரி என்றால், அந்த 36 லிட்டரில் வெந்நீரின் பங்கு 20 லிட்டர்தான். நான்கு பேருக்கு 80. பாத்திரம் கழுவ ஒரு 20 சேர்த்தால் 100 லிட்டரில் வேலை முடிந்தது. டேங்க்கை 80 டிகிரிக்கு ஏற்றி வைத்தால் ஆளுக்கு 14 லிட்டரே போதும். ஆறேழு பேர் உள்ள வீட்டுக்கும், துணியை வெந்நீரில் நனைக்கிற வீட்டுக்கும், ஒன்றிரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறவர்களுக்கும்தான் 200 லிட்டர். அதற்கு மேல் போனால் டேங்க் சூடாவதற்குள் விறகு போடுகிறவர் ஓய்ந்துவிடுவார்.

விறகுக் கணக்கும் இதோடு சேர்ந்தது. 200 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 10.5 யூனிட் கரண்டுக்கு, அதாவது சுமார் 38 மெகாஜூலுக்குச் சமமான சூடு வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும். நடுக்குழாய் பாய்லரில் அதில் 40 சதவீதம் தண்ணீருக்குப் போனால் பெரிய விஷயம். ஆக 6 முதல் 7 கிலோ. இரண்டு மணி நேரம் நின்று எரித்தால் முடியும். அன்று வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அதே கிலோ 8 மெகாஜூல்தான் தரும். அதிலும் புகையாகப் போவது அதிகம். பச்சை விறகை வைத்துக்கொண்டு டேங்க்கைக் குறை சொல்வதில் பயனில்லை.

பிளேட் டைப்பா, டியூப் டைப்பா

இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி வெள்ளை உருளைதான். வித்தியாசம் எத்தனை வாய் இருக்கிறது என்பதில். பிளேட் டைப் டேங்கில் கலெக்டருக்கு என்றே இரண்டு 1 அங்குல வாய்கள் இருக்கும்: ஒன்று அடியில், ஒன்று பக்கவாட்டில் மேலே. இவை போகக் குளிர்நீர் உள்ளே வர ஒன்று, வெந்நீர் வெளியே போக ஒன்று, காற்றுக்குழாய்க்கு ஒன்று. கலெக்டர் இருந்த இடத்தில் பாய்லரை வைத்தால் போதும். பம்ப் இல்லாமலே தண்ணீர் சுற்றும். பாய்லரில் சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். டேங்கின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் கனமாக இருப்பதால் பாய்லருக்கு இறங்கும். தெர்மோசைபன் என்பது இதுதான். புதிதாக ஓட்டை போடும் வேலையே இல்லை.

டியூப் டைப்பில் அந்த இரண்டு வாய்கள் கிடையாது. பதிலுக்கு வயிற்றில் வரிசையாக 58 மில்லிமீட்டர் ஓட்டைகள், டேங்கின் அளவுக்கேற்ப பத்து முதல் இருபது வரை. ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும். வெல்டிங் வைத்துத் தகடு அடித்துத் தருகிறேன் என்று சொல்கிற பட்டறைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். உள்தகடு அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதை ஒட்டிச் சூடு காக்கும் பஃப் நுரை. தீப்பொறி பட்டதும் நுரை கருகி நச்சுப்புகை வரும், சூடு காக்கும் திறனும் அந்த இடத்தில் போய்விடும். ரப்பர் அடைப்பான் போட்டு நிறுத்தினால் கொதிநீரில் ஓராண்டு தாங்குமா என்பது அதிர்ஷ்டம். இருபது அடைப்பானில் ஒன்று கழன்றாலும் 200 லிட்டர் வெந்நீர் மொத்தமும் கீழே. டியூப் டைப் சோலார் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றாமல் தனியே விட்டுவிட்டு, பாய்லருக்கு வேறு டேங்க் பார்ப்பதே மேல்.

உப்புத் தண்ணீர்ப் பகுதிகளிலிருந்து வரும் பிளேட் டைப் டேங்குகளில் சிலவற்றுக்கு உள்ளே இன்னொரு உறையோ சுருளோ இருக்கும். கலெக்டர் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் கலக்காமல் இருக்கச் செய்தது. அதுவும் நல்ல சாமான்தான். ஆனால் பாய்லர் பக்கத்துக்கு என்று 5 லிட்டரில் ஒரு சின்னத் திறந்த தொட்டி தனியாக உயரத்தில் வைக்க வேண்டும். இதை மறந்தால் பாய்லர் பக்கம் மூடிய பாத்திரம் ஆகிவிடும். அதன் ஆபத்தைப் பிறகு பார்ப்போம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

முதலில் தூக்கிப் பாருங்கள். காலியான 200 லிட்டர் டேங்க்கை இரண்டு பேர் திணறாமல் தூக்க முடிய வேண்டும். திணறினால் நுரைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். நனைந்த நுரை சூடு காக்காது, காய்வதும் இல்லை. இரு முனை மூடிகளின் அடிப்பக்க ஓரத்தில் துருக்கறை வழிந்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து தண்ணீர் நிரப்பி ஒரு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரச் சோதனை போதாது. உள்தொட்டியில் ஊசி ஓட்டை இருந்தால் தண்ணீர் நுரையைக் கடந்து வெளியே சொட்டவே பல மணி நேரம் பிடிக்கும். ஒழுக்கு வருகிற இடம் பெரும்பாலும் வெல்டிங் ஓரம். குளோரைடு அதிகமுள்ள போர்வெல் தண்ணீரைச் சூடாக வைத்திருந்தால் 304 என்ற நல்ல ரக எவர்சில்வரும் அங்கேதான் முதலில் அரிக்கும். அதனால் டேங்க் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்பது முக்கியம். மலை நீர் ஓடிய டேங்க் உள்ளே பளபளவென்று இருக்கும். உப்புத் தண்ணீர் ஓடிய டேங்கின் வாயில் விரலை விட்டால் சுண்ணாம்புப் பொருக்கு உதிரும்.

காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பார், 304 என்பார்கள். 202 என்ற மலிவு ரகத்திலும்தான் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது சாதாரண இரும்போ மட்டமான எவர்சில்வரோ என்று தெரியும். ஒட்டாததால் எதுவும் நிரூபணமாகாது. உள்ளே நீலப் பூச்சு அடித்த இரும்பு டேங்க் என்றால், டேங்குக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் மெக்னீசியம் கம்பி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கழற்றிப் பார்க்க வேண்டும். கம்பி கரைந்து வெறும் நடுக்கம்பி மட்டும் நின்றால் டேங்க் அரிக்கத் தொடங்கியிருக்கும்.

பேரம் பேச ஒரு கணக்கு. அரை மில்லிமீட்டர் தகட்டில் செய்த 200 லிட்டர் உள்தொட்டியில் எவர்சில்வர் 9 கிலோவுக்குள்தான். மீதி எடை வெளித்தகடும் ஸ்டாண்டும். அன்றைய எவர்சில்வர் பழைய விலையை 9-ஆல் பெருக்கி, அதன் மேல் கொஞ்சம் வைத்துக் கேட்டால் கடைக்காரருக்கும் நட்டமில்லை.

உங்கள் பாய்லர் ஒத்துவருமா

டேங்க் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது இது. புனலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும் பழைய செம்பு பாய்லர் அருமையான சாமான். ஆனால் அதன் மூட்டுகள் ஈயப்பற்று. மேலே தொட்டி வைத்து எந்நேரமும் அழுத்தம் கொடுத்தால் மூட்டு விடும். மூக்கும் அரை அங்குலம்தான். அதை அப்படியே விட்டுவிடுங்கள். வேண்டியது, எல்லாப் பக்கமும் வெல்டிங் வைத்து மூடிய எவர்சில்வர் பாய்லர். மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக 1 அங்குல மறை வாய் இருக்க வேண்டும். அரை அங்குல வாய்களோடு வந்திருந்தால் பட்டறையில் 1 அங்குலமாக மாற்றிக்கொள்ளலாம். பாய்லர் தகடு டேங்கினதைவிடத் தடிமன், தாங்கும்.

உலோகப் பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். செம்பு பாய்லரையும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) டேங்கையும் ஒரே சுற்றில் சேர்த்தால் தண்ணீரில் கரைந்து வரும் செம்பு துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். 60 டிகிரிக்கு மேல் துத்தநாகப் பூச்சின் காவல் எப்படியும் குறையும். எவர்சில்வர் பாய்லர், எவர்சில்வர் டேங்க், நடுவில் தடித்த ஜிஐ குழாய் என்ற கூட்டணிதான் நடைமுறையில் மலிவு. குழாய் ஒருநாள் அரிக்கும், மாற்றுவது சுலபம்.

பொருத்துவது: பெரும்பாலான தப்பு இங்கேதான்

தண்ணீரைச் சுற்ற வைக்கும் உந்துதல் எவ்வளவு சின்னது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லா விதியும் தானாகப் புரியும். 20 டிகிரி தண்ணீருக்கும் 60 டிகிரி தண்ணீருக்கும் கன மீட்டருக்கு 15 கிலோதான் எடை வித்தியாசம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 15 மில்லிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். ஒரு விரல் அகலம்கூட இல்லை. இந்தத் துளி அழுத்தத்தை வைத்துக்கொண்டு அரை அங்குலக் குழாய், நாலு எல்போ, ஒரு கேட் வால்வு எல்லாவற்றையும் தாண்டு என்றால் தண்ணீர் நின்றுவிடும்.

ஆகவே குழாய் 1 அங்குலம், அதற்குக் குறையக்கூடாது. பாய்லருக்கும் டேங்க்குக்கும் 3 மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் 1¼. ஐஎஸ் 1239 குழாயில் நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் வாங்குங்கள்; மஞ்சள் பட்டை மெல்லிசு. 6 மீட்டர் நீளத்தில் ஒன்று பெரும்பாலும் போதும். திருப்பங்களுக்கு எல்போ வேண்டாம், நீள பெண்ட் நாலு. கழற்றி மாட்ட இரண்டு யூனியன். சுற்றின் ஆகக் கீழான இடத்தில் ஒரு டீ, அதில் வண்டல் இறக்க ஒரு பால் வால்வு. மறைகளில் சணலும் பேஸ்ட்டும் டெஃப்லானைவிட நம்பகம். சூட்டில் விரிந்து சுருங்கும் இடத்தில், மேலே பூசி நிறுத்திய ஒழுக்கு ஒரு வாரத்தில் திரும்ப வரும்; கழற்றி மாட்டுவதே வழி.

டேங்கின் அடிப்பாகம் பாய்லரின் மேல்வாயைவிடக் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சமமாகவோ தாழ்வாகவோ வைத்தால், அடுப்பு அணைந்த பிறகு சுற்று தலைகீழாக ஓடும். இரவெல்லாம் டேங்கின் சூடு பாய்லருக்குப் போய், அங்கிருந்து புகைக்குழாய் வழியாக ஆகாயத்துக்குப் போகும். காலையில் டேங்க் பச்சைத் தண்ணீராக இருக்கிறது, நுரை சரியில்லை என்று வருகிற புகார்களில் கணிசமானவை உயரக் கோளாறுதான். உயரம் சரியாக இருந்தாலும் தீ அணைந்ததும் சாம்பல் கதவை மூடிவிடுவது நல்ல பழக்கம்.

வெந்நீர்க் குழாய் பாய்லரிலிருந்து டேங்க் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். படுக்கையாகப் போகிற இடத்திலும் ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் ஏற்றம். ஜன்னலைச் சுற்றுவதற்காக ஒரு மேடு ஏற்றி இறக்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். அடையாளம்: பாய்லர் கடகடவென்று இடிக்கும், வெந்நீர்க் குழாய் முதல் ஒரு முழம் சுடும், அதற்கு மேல் தொட்டால் ஜில்லென்று இருக்கும். குழாயைத் திருத்தாமல் எத்தனை முறை காற்று எடுத்தாலும் அது திரும்பிவரும், ஏனென்றால் சூடாகும் தண்ணீரே கரைந்த காற்றை விடுகிறது.

பாய்லருக்கும் டேங்க்குக்கும் நடுவே வால்வு கூடாது. ஒன்றுகூடக் கூடாது. பழுது பார்க்க வசதி என்று பிளம்பர் இரண்டு வால்வு போடுவார். யாராவது இரண்டையும் மூடியிருக்க, அடியில் தீ வைத்தால், அது பாய்லர் இல்லை, குண்டு.

காற்றுக்குழாய் டேங்கின் உச்சியிலிருந்து முக்கால் அங்குல ஜிஐ குழாயில் நேரே மேலே போக வேண்டும். குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட 30 சென்டிமீட்டராவது உயர்ந்து, நுனி கீழ்நோக்கி வளைந்து திறந்தே இருக்க வேண்டும். அதில் வால்வோ மூடியோ கிடையாது. நுனி நடைபாதைப் பக்கம் திரும்பியிருந்தால் ஒருநாள் கொதிநீர் யார் தலையிலாவது விழும். தலைக்குந்தா மாதிரி உறைபனி விழும் இடங்களில் காற்றுக்குழாய்க்கும் உறை போட வேண்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து அடைத்தால் திறந்த சுற்று மூடிய சுற்றாகிவிடும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். சமவெளியிலிருந்து வந்த பிளம்பர், தெர்மாமீட்டர் 90 காட்டினால் இன்னும் இடம் இருக்கிறது என்று நினைப்பார். மலையில் 80 காட்டும்போதே விறகை இழுத்துவிட வேண்டும்.

குளிர்நீர் வரும் வழிக்குப் பலரும் யோசிப்பதில்லை. மேல்தொட்டியிலிருந்து இதற்கென்றே தனிக்குழாய் எடுங்கள். அந்த வாய், வீட்டின் மற்றக் குழாய்களுக்குப் போகும் வாயைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். மேல்தொட்டி வறண்டால் சமையலறைக் குழாய் முதலில் நின்று எச்சரிக்கும். பாய்லருக்குத் தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரே குழாயில் இரண்டையும் இணைத்திருந்தால், மேல்தொட்டி காலியான நேரத்தில் கீழே யாராவது குழாயைத் திறக்க, வெந்நீர் டேங்க் அந்த வழியாகவே வடிந்துவிடும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் பாய்லர் வறண்டு தகடு வெந்து போகும். இதைத் தடுக்க என்ஆர்வி (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) மாட்டச் சொல்வார்கள். தனிக்குழாய் இருந்தால் தேவையில்லை. 200 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஐந்தரை லிட்டர் வரை பெருகும். பெருகிய தண்ணீர் வந்த வழியே மேல்தொட்டிக்குத் திரும்ப வேண்டும். என்ஆர்வி அதை மறித்தால் ஒவ்வொரு நாளும் காற்றுக்குழாய் வழியாகக் கொட்டும். குளிர்நீர்க் குழாய் டேங்கில் சேரும் முன் ஒரு முழம் கீழே இறங்கி ஏறுகிற மாதிரி வளைத்து விட்டால் சூடு அந்தக் குழாய் வழியாக மேலே ஊர்ந்து போகாது.

இந்த டேங்க்குகள் அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் அந்த லைனை டேங்கோடு நேரடியாக இணைத்தால் முனை மூடி உப்பிக்கொள்ளும்.

குளியலறைக்குப் போகும் குழாய்க்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி நல்லது. அதைப் பாய்லர் வாயிலேயே மாட்டக்கூடாது; கொதிக்கும் இடத்தில் தளரும். டேங்குக்குப் பிறகுதான் சிபிவிசி. சாதாரண பிவிசி 60 டிகிரியில் வளையத் தொடங்கும், தொடவே வேண்டாம். உறைக்கு 19 மில்லிமீட்டர் கறுப்பு நைட்ரைல் குழல், வெயில் படும் இடத்தில் மேலே அலுமினிய டேப்.

நிரம்பிய 200 லிட்டர் டேங்க் ஸ்டாண்டோடு 250 கிலோவை நெருங்கும். தகரக் கூரைச் சட்டத்தின் மேல் வைக்கிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கான்கிரீட் தளமோ, தரையிலிருந்து எழுப்பிய 50 மில்லிமீட்டர் ஆங்கிள் ஸ்டாண்டோ வேண்டும்.

சூடு எவ்வளவு நேரம் நிற்கும்

24 மணி நேரம் சூடு என்று பழைய ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். வெளியே 12 டிகிரி குளிர், உள்ளே 60 டிகிரி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிமீட்டர் நல்ல பஃப் நுரை உள்ள 200 லிட்டர் டேங்க் 12 மணி நேரத்தில் கணக்குப்படி 3 டிகிரிதான் இழக்கும். குழாய் வாய்கள், ஸ்டாண்ட் கால்கள் வழியாகப் போவதையும் சேர்த்தால் 5, 6 டிகிரி. மாலை 7 மணிக்கு எரித்து முடித்தால் காலை 7 மணிக்கு 54 இருக்கும். அதற்கு மேல் இழந்தால் உயரத்தையோ நனைந்த நுரையையோ சந்தேகப்படுங்கள். உறையே இல்லாத வெறும் பாத்திரம் அதே 12 மணி நேரத்தில் 28 டிகிரிக்கு வந்துவிடும். டேங்க் எந்த உலோகம் என்பதில் செலவழிக்கிற கவலையில் பாதியை உறையில் செலவழித்தால் போதும் என்பது இந்த எண்களிலிருந்து தெரியும்.

நீல பேரல்காரர்களுக்கும் இதே பாடம். பேரலைப் பாய்லரோடு குழாய் வைத்து நேரடியாக இணைக்கக்கூடாது. 80 டிகிரிக்கு மேல் அடிப்பாகம் இளகிப் பிதுங்கும். பாய்லரிலிருந்து வாளியில் எடுத்துக் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து 60 டிகிரிக்கு மிகாமல் ஊற்றி வைக்கலாம். முன்பு உணவுப்பொருள் வந்த பேரல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரசாயனம் வந்த பேரலை எத்தனை கழுவினாலும் வெந்நீர் அதை மீண்டும் இழுத்துக்கொண்டு வரும். சுற்றிலும் செங்கல்லோ பலகையோ அடைத்து 15 சென்டிமீட்டர் காய்ந்த உமி நிரப்பினால் உறை ஏறத்தாழ சும்மா கிடைத்த மாதிரி. உமி நனையக்கூடாது, எலி புகக்கூடாது, பாய்லர் அடுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மேல்பக்கத்தை மறந்துவிடுவார்கள், மூடி மேல் பழைய மெத்தைத் துண்டு ஒன்றைப் போட்டாலே வித்தியாசம் தெரியும். தெர்மாகோலை உலோகப் பாத்திரத்தின் மேல் நேரடியாக ஒட்டினால் சூட்டில் சுருங்கி இடைவெளி விடும். முதலில் ஒரு அங்குலம் கிளாஸ்வூல், அதன் மேல் தெர்மாகோல்.

ஓட்டும்போது

தண்ணீர் நிரப்பி, குளியலறை வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகுதான் முதல் தீ. சீகை மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பிளந்து, கூரைக்கடியில் ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். தேயிலை மிலாறு சீக்கிரம் பிடித்துச் சுறுசுறுப்பாக எரியும். தொடங்கி வைக்க அதைவிட நல்லது இல்லை, ஆனால் இரண்டு மணி நேரமும் அதையே போட்டால் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சமவெளியில் கொட்டாங்கச்சி இருந்தால் கிலோவுக்கு விறகைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு.

டேங்க் சேர்த்ததால் வருகிற ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். முன்பு பாய்லர் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். இப்போது டேங்கின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால் பாய்லர் சுவர் நெடுநேரம் குளிர்ச்சியாகவே நிற்கும். புகையிலுள்ள ஈரமும் தாரும் அங்கே படியும். புகைக்குழாயில் கறுப்புப் பிசின் வழிகிறது என்றால் காரணம் இதுதான். காற்றைக் குறைத்துப் புகைய விடுவது நிலைமையை மோசமாக்கும். காய்ந்த விறகில் நல்ல காற்று விட்டு வேகமாக எரித்து முடிப்பதும், வாரம் ஒருமுறை கம்பி பிரஷ் விடுவதும் தவிர வேறு வழி இல்லை. படிவு ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் விறகுச் செலவு கூடுவது கண்ணுக்குத் தெரியும்.

டேங்க்கை நாள் கணக்கில் வெதுவெதுப்பிலேயே விட்டு வைக்காதீர்கள். 30, 40 டிகிரித் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி செழிக்கும். வாரத்தில் சில நாளாவது முழு டேங்கும் 60 தாண்ட வேண்டும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் தோலில் பட்டால் சில விநாடிகளில் வெந்துவிடும். குழந்தைகள், முதியவர்கள் உள்ள வீட்டில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

ஆண்டுக்கு ஒருமுறை அடி வால்வைத் திறந்து வண்டல் இறக்கினால் மலையில் போதும். கோவை, திருப்பூர்ப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்போதும் பாய்லரின் அடிக்குழாயில் சுண்ணாம்பு கட்டும். யூனியனைக் கழற்றிக் கம்பியால் சுரண்டும்படி இடம் விட்டுப் பொருத்த வேண்டும். பூச்சு டேங்க்காக இருந்தால் மெக்னீசியம் கம்பியை ஆண்டுதோறும் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். எவர்சில்வர் டேங்கில் ஒருநாள் வெல்டிங் ஓரம் சொட்டத் தொடங்கினால் ஒட்டுப்போடக் கொடுக்காதீர்கள். அந்த 9 கிலோவை எடைக்குப் போட்டுவிட்டு, அதே குழாய்களில் அடுத்த டேங்க்கை மாட்டிக்கொள்ளலாம்.